பெர்லினில் வீடு கிடைப்பது திறமையால் அல்ல

பெர்லினில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்படும் எவரும், விசா கைக்கு வரும் முன்பே ஓர் அறிவுரையைக் கேட்டுவிடுகிறார். அங்கே வாடகை வீடு கிடைப்பது கடினம். ஆனாலும் ஒழுங்காகத் தயாராகிப் போனால் கிடைத்துவிடும் என்பது அது. தயாராவது என்றால் ஒரு கோப்பு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு நகல், ஷூஃபா என்னும் கடன் நம்பகச் சான்று, முன்பு குடியிருந்த வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், குடும்பத்தை அறிமுகப்படுத்தி ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு பக்கம். விளம்பரம் வந்த சில நிமிடங்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வீட்டைப் பார்க்க அழைத்தால் நேரம் தவறக் கூடாது. பேச்சில் பணிவும் நம்பிக்கையும் தெரிய வேண்டும். இடமாற்ற ஆலோசகர்களும், நிறுவனங்களின் மனிதவளத் துறையினரும், முன்பே போய்க் குடியேறிய நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரைக்கு அடியில் ஒரு கருத்து இருக்கிறது: வீடு கிடைப்பதும் கிடைக்காததும் தேடுபவரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு அது தீங்கும் செய்கிறது. ஒரு நகரமும் ஓர் அரசும் ஆட்களை அழைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் தட்டிக்கழித்த பொறுப்பை, வந்திறங்கிய குடும்பத்தின் தலையில் அது ஏற்றிவைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். பெர்லினில் பத்து வீடுகளில் எட்டுக்கும் மேல் வாடகை வீடுகள். சொந்த வீடு வாங்குவதே இயல்பு என்று நினைக்கும் நமக்கு இது வியப்பளிக்கலாம். அங்கே மருத்துவரும் பேராசிரியரும் ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருப்பது சாதாரணம். அதனால் வாடகைக்கு ஏராளமாக வீடு இருக்கும் என்று எண்ணத் தோன்றும். இருப்பவை எல்லாம் ஆள் குடியிருப்பவை. உடனே குடியேறத் தக்க காலி வீடுகள் பல ஆண்டுகளாக மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதாகச் சந்தை மதிப்பீடுகள் காட்டுகின்றன. ஆண்டுக்கு 20,000 வீடுகள் புதிதாகக் கட்டப்பட வேண்டும் என்று நகர அரசு இலக்கு வைத்தது. 2023இல் கட்டி முடிந்தவை சுமார் 16,000, அடுத்த ஆண்டு அதைவிடக் குறைவு. 2011க்குப் பிறகு நகரத்தில் சில லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். பந்திக்கு முந்து என்பது நம் பழமொழி. முந்துகிறவருக்கு இலை கிடைக்கும் என்பது உண்மைதான். முந்துவதால் இலைகளின் எண்ணிக்கை கூடாது. கோப்பைச் செம்மையாகத் தயாரித்த குடும்பம் தயாரிக்காத குடும்பத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. எல்லாரும் செம்மையாகத் தயாரித்துவிட்டால் யாரும் முன்னால் இல்லை. காகிதம் மட்டும் கனத்திருக்கிறது. வரிசையில் ஒருவரது இடத்தை மாற்றும் வழியை வரிசையையே தீர்க்கும் வழி என்று சொல்வது கணக்கில் வரும் பிழை. தயாராகிப் போனவர்களுக்கு வீடு கிடைக்கத்தானே செய்கிறது என்று கேட்பவர்கள், கிடைத்தவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். அதே கோப்போடு காத்திருந்து, கடைசியில் குடும்பத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பியவர் யாருக்கும் அறிவுரை சொல்ல வருவதில்லை.

இந்தத் தட்டுப்பாடு வானிலிருந்து விழுந்ததும் அல்ல. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பெர்லினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. நகரம் கடனில் மூழ்கியிருந்தது. அதற்குச் சொந்தமான வங்கிக் குழுமத்தின் சரிவு 2001இல் நகர அரசையே கவிழ்த்தது. வீடு மிகுதி, பணம் குறைவு என்ற அந்த வேளையில் எடுத்த முடிவுகள்தான் இன்றைய வரிசையின் நீளம். குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளுக்குத் தந்துவந்த தொடர் மானியத்தை 2003இல் நிறுத்தினார்கள். 2004இல் ஜி.எஸ்.டபிள்யூ. என்ற நகர வீட்டு நிறுவனத்தை, அதன் ஏறத்தாழ 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு அமெரிக்க முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஆறாயிரம் யூரோவைச் சற்றே தாண்டுகிறது. இன்று பெர்லினில் ஒரு நடுத்தரக் குடும்பம் அந்தத் தொகையைச் சில மாத வாடகையிலேயே செலுத்திவிடும். ஜெர்மனி முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கதை இதுவே. நாடு ஒன்றிணைந்த காலத்தில் முப்பது லட்சம் அளவில் இருந்த சமூக வீடுகள், கட்டுப்பாட்டுக் காலம் முடிந்து ஒவ்வொன்றாகச் சந்தைக்குள் போய், இன்று சுமார் 11 லட்சமாகச் சுருங்கிவிட்டன. 2021இல் பெர்லின் சுமார் 14,750 வீடுகளைப் பெரும் நிறுவனங்களிடமிருந்து திரும்ப வாங்கியது. விலை ஏறத்தாழ 246 கோடி யூரோ. விற்ற எண்ணிக்கையில் கால் பங்குக்கும் குறைவான வீடுகளை ஆறு மடங்கு பணம் கொடுத்து மீட்ட இந்தக் கணக்கு எந்தக் குடும்பத்தின் அறிமுகக் கடிதத்தாலும் மாறப்போவதில்லை.

தட்டுப்பாடு எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. நகர அரசு வெளியிடும் வாடகை ஒப்பீட்டுப் பட்டியலின்படி, 2024இல் பழைய குடிகள் தரும் அடிப்படை வாடகை சதுர மீட்டருக்குச் சராசரியாக 7.21 யூரோ. அதே ஆண்டு விளம்பரங்களில் கேட்கப்பட்டது ஏறக்குறைய அதன் இரு மடங்கு. இந்த இடைவெளியில்தான் முடிச்சு இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துபோன பின் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், சின்ன வீட்டுக்கு மாறினால் இப்போது தருவதைவிடக் கூடுதல் வாடகை தர நேரும். எனவே அவர் மாறுவதில்லை. அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்று அறை வீடுதான் குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு வேண்டியது. (அங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், மூன்று அறை என்றால் நம் கணக்கில் இரண்டு படுக்கையறை வீடு.) தனி ஆள் ஒரு பகிர்வு வீட்டில் ஓர் அறையைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே தனியாளாக வந்து வென்றவரின் அனுபவத்தைக் குடும்பத்துக்கு அறிவுரையாகத் தருவது அளவு பொருந்தாத சட்டையைக் கொடுத்து உடம்பைக் குறை சொல்வதாகும்.

இனி அந்தக் கோப்புக்கு வருவோம். ஷூஃபா 1927இல் பெர்லினிலேயே தொடங்கப்பட்ட நிறுவனம்; ஒருவர் தவணை தவறியதுண்டா என்ற பதிவை வைத்திருக்கிறது. நேற்று வந்திறங்கியவருக்கு அதில் நல்ல பதிவும் இல்லை, கெட்ட பதிவும் இல்லை, பதிவே இல்லை. சென்னையில் பதினைந்து ஆண்டு கடன் தவறாமல் கட்டிய வரலாறு அங்கே எண்ணப்படாது. வாடகை பாக்கி இல்லை என்ற கடிதமோ, ஜெர்மனியில் குடியிருந்தவருக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதைக் கொடுக்க வேண்டிய கடமை பழைய வீட்டுக்காரருக்கு இல்லை என்று அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்துவிட்டது. இதற்குமேல் அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். 2015 நவம்பரிலிருந்து அதற்கு வீடு தந்தவரின் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டும் வேண்டும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது தாமதமானால் சம்பளத்தில் மிக உயர்ந்த பிரிவில் வரி பிடிக்கும் நிலை வரலாம்; குழந்தைக்கான அரசு உதவித்தொகைக்கும் அந்த எண் தேவை. தொடக்கப் பள்ளியும் பதிவான முகவரியை வைத்தே ஒதுக்கப்படுகிறது. வீடு கேட்டால் சம்பளச் சீட்டைக் காட்டு என்கிறார்கள். சம்பளம் ஒழுங்காக வர முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் ஒருவர் தம் திறமையைச் செலுத்த முடியும்? குறுகிய கால வாடகைக்குத் தங்குமிடம் கொடுக்கும் பலர் பதிவுக்கான சீட்டைத் தருவதில்லை. வாடகைப் பணம் போகும், முகவரி வராது.

கோப்பு அறிவுரையில் இன்னொரு பிழையும் உண்டு. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலின்படி, வீட்டைப் பார்க்க வருபவரிடம் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது. பார்க்கும் கட்டத்தில் பெயரும் தொடர்பு விவரமும் போதும். வருமான விவரம் அடுத்த கட்டம்; அதற்கான சான்றுகள், இவருக்குத்தான் தரப்போகிறோம் என்று முடிவு நெருங்கும்போது கேட்க வேண்டியவை. கடவுச்சீட்டு நகலும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பு என்று சொல்லும்போது, சட்டம் தந்த காப்பை நாமே கழற்றிக் கொடுக்கச் சொல்கிறோம். ஒருவர் கொடுத்ததும் கொடுக்காதவர் பின்தங்குகிறார். நாளடைவில் கொடுப்பதே நடைமுறையாகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து தேடுபவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கும் இதே கோப்புதான் தீனி: இல்லாத வீட்டுக்கு அழகான படம், உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பதாக ஒரு கதை, முன்பணம் கட்டினால் சாவி தபாலில் வரும் என்ற உறுதி. பணம் போவதோடு அடையாள நகல்களும் போகின்றன. அடுத்த மோசடியில் அந்த நகலே இன்னொருவரிடம் வீட்டுக்காரரின் அடையாளமாகக் காட்டப்படலாம்.

பெயர் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. 2017இல் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமும் 'டேர் ஷ்பீகல்' இதழும் பத்துப் பெரிய நகரங்களில் ஒரு சோதனை நடத்தின. ஏறத்தாழ 20,000 விசாரிப்புகளை, உள்ளடக்கத்தில் வேறுபாடு இல்லாமல், ஜெர்மன் பெயரிலும் அயல் பெயரிலும் அனுப்பினார்கள். ஜெர்மன் பெயருக்கு அழைப்பு வந்த நேர்வுகளில் நான்கில் ஒன்றில் அயல் பெயர்க்காரர் விடுபட்டார். துருக்கிய, அரபுப் பெயர்களுக்கே அடி அதிகம். மியூனிக்கை விடப் பெர்லின் தேவலாம் என்பதும் அந்தச் சோதனையில் தெரிந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெர்லினிலேயே, துருக்கியப் பெயரால் வீடு பார்க்கும் அழைப்பு மறுக்கப்பட்டு, பிறகு கற்பனையான ஜெர்மன் பெயரில் விண்ணப்பித்ததும் அழைப்புப் பெற்ற ஒருவர் வழக்குத் தொடுத்தார். சார்லோட்டன்பர்க் நீதிமன்றம் 2020 ஜனவரியில் அவருக்கு 3,000 யூரோ இழப்பீடு வழங்கச் சொன்னது. கடிதத்தின் நடையைச் செம்மைப்படுத்து என்னும் அறிவுரை இங்கே என்ன செய்யும்? கடிதம் படிக்கப்படுவதற்கு முன்பே பெயர் படிக்கப்பட்டுவிட்டது.

வீடு உரிமையாளருடையது, விரும்பியவருக்குத் தரட்டுமே என்ற எதிர்வாதம் உண்டு. அதை நம்மவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். சென்னையில் வீடு கேட்கப் போனால் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ விசாரிப்பதும், சமையலறையில் மீன் உண்டா என்று கேட்பதும், முஸ்லிம் என்றால் வீடு இப்போதுதான் முடிந்துவிட்டது என்பதும் எல்லாரும் அறிந்தவை. அதைப் பொறுத்துக்கொண்டோ, அதனால் பயன்பெற்றோ வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்காரரின் விருப்பம் இயற்கை விதிபோலத் தெரிகிறது. ஜெர்மனியின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006இல் வந்த சமநடத்தைச் சட்டம், பொதுவில் வாடகைக்கு விடப்படும் வீட்டை இனம், வம்சம் பார்த்து மறுப்பதைத் தடுக்கிறது. வீட்டுக்காரரே அதே மனையில் வசிக்கும் நிலைக்கு விலக்கு இருக்கிறது. குடியிருப்பில் சமூகக் கலப்பைப் பேண வேறுபடுத்தலாம் என்ற தெளிவற்ற விதியும் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்பது மிகக் குறுகிய கெடு. என்றாலும் உரிமை இருக்கிறது. வாடகை ஒழுங்காக வருமா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் நியாயமான கவலை. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாத நாட்டில் அந்தக் கவலை கூடுதலாகவே இருக்கும். அதற்குச் சம்பளச் சான்றும், சட்டம் அனுமதிக்கும் மூன்று மாத அடிப்படை வாடகை அளவிலான முன்பணமும் இருக்கின்றன. பெயர் எந்த ஆபத்துக்கும் சான்று அல்ல.

சாமர்த்தியக் கதை செய்யும் தீங்கு எங்கே பணமாக மாறுகிறது என்றும் சொல்ல வேண்டும். வழக்கமான வீடு கிடைக்காதவர், என் தேடல்தான் போதவில்லை என்று நம்பி, தளவாடங்களோடு விடப்படும் தற்காலிக வீட்டுக்குப் போகிறார். 2015 ஜூன் 1 முதல் பெர்லினில் வாடகைத் தடுப்பு விதி நடப்பில் இருக்கிறது. புதிதாக விடும் வீட்டின் வாடகை, அந்த வட்டாரத்தின் ஒப்பீட்டு வாடகையை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டக் கூடாது. 2014 அக்டோபர் 1க்குப் பின் முதன்முறையாகப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் வந்த வீடுகளுக்கு இது பொருந்தாது. உண்மையிலேயே தற்காலிகத் தேவைக்காக விடப்படும் வீட்டுக்கும் பொருந்தாது. தளவாட வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் மேசைக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு சேர்த்தார் என்று விளம்பரத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் மீறல் வெளியே தெரிவதில்லை. பழைய நான்கு நாற்காலிகளைப் போட்டு, ஒப்பந்தத்தில் தற்காலிகம் என்று எழுதி, இரண்டு ஓட்டைகளின் வழியாகவும் வாடகையை ஏற்றுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இந்தத் தொழிலின் வாடிக்கையாளர்கள் யார்? ஊருக்குப் புதியவர்கள், சட்டம் தெரியாதவர்கள், நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குபவர்கள். அதிக வாடகை வாங்கப்பட்டதாக எழுத்தில் முறையிட்டால், குடியேறிய 30 மாதத்துக்குள் என்றால், தொடக்கத்திலிருந்து கொடுத்த கூடுதல் தொகையைத் திரும்பப் பெறலாம். எத்தனை பேர் கேட்பார்கள்? கிடைத்ததே என் சாமர்த்தியம் என்று நம்புகிறவர், கிடைத்ததன் விலை சட்டவிரோதமானதா என்று பார்க்கத் தயங்குவார். அந்த நம்பிக்கையின் விலையை மாதாமாதம் வாடகையாகக் கட்டுவார்.

இப்போது வலுவான மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். தட்டுப்பாட்டுக்கே இந்தக் கட்டுப்பாடுகள்தான் காரணம் என்று சந்தையை நம்பும் பொருளாதார வாதிகள் சொல்கிறார்கள். அவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2020 பிப்ரவரியில் பெர்லின் தன் பெரும்பாலான வாடகைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வரம்புக்குட்பட்ட வீடுகளின் வாடகை இறங்கியது; கூடவே வாடகை விளம்பரங்கள் பாதிக்கு மேல் குறைந்துபோனதாக ஆய்வுகள் கண்டன. 2021 ஏப்ரலில் வெளியான தீர்ப்பில், இப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புதிதாக வருபவருக்கு அந்த ஓராண்டு கெட்ட காலம்தான், இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து எடுக்கும் முடிவு பிசகுகிறது. அவசரமாக வந்து ஓராண்டில் செத்த ஒரு சட்டத்தைக் காட்டி, ஆண்டுக்கணக்கில் உருவான தட்டுப்பாட்டுக்கு விளக்கம் சொல்ல முடியாது. வீடுகள் விற்கப்பட்டது 2004இல். உச்சவரம்பு வந்தது 2020இல். தீர்ப்புக்குப் பின் உச்சவரம்பு இல்லாத ஆண்டுகளில் விளம்பர வாடகை வேகமாக ஏறியது. அந்த ஏற்றம் நகரத்துக்குத் தேவையான வீடுகளைக் கட்டித் தரவில்லை. உயர்ந்த வாடகை மட்டுமே வீட்டைக் கட்டிவிடும் என்றால் இந்நேரம் கட்டியிருக்க வேண்டும். நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு, 2022க்குப் பின் ஏறிய வட்டி, ஆள் குறைந்த அனுமதி அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்துதான் கட்டுமானத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு வீட்டைக் கட்டாது என்பது சரி. அது கட்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இருக்கும் வீட்டிலிருந்து ஆளைத் துரத்தாமல் காப்பது அதன் வேலை. கட்டுவது வேறு கையின் வேலை, அந்தக் கை பொதுக் கையாக இருக்க வேண்டும். 1923இல் வியன்னா நகரம் ஆடம்பர வீடுகள் மீது கூடுதலாக விழும் வீட்டு வரி ஒன்றை விதித்துத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. இன்றும் அந்நகரில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ வாழ்கிறார்கள். நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க அங்கேயும் சில காலம் வசித்திருக்க வேண்டும் என்பது உண்மை. புதியவருக்கு அது உடனே திறக்கும் கதவு அல்ல. ஆனால் பாதி நகரம் சந்தைக்கு வெளியே வசிக்கும்போது மீதிப் பாதியில் போட்டியின் கடுமை தணிகிறது.

உள்ளூர்க்காரர்களே வீடில்லாமல் இருக்கும்போது அயலாருக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. பெர்லின்வாசிகளின் பொறுப்பும் இதில் உண்டு. 2014 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில், பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலைய மைதானத்தின் ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள் கட்டும் திட்டத்தை அவர்களே நிறுத்தினார்கள். 2021 செப்டம்பரில் பெரும் வீட்டு நிறுவனங்களின் சொத்தைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, செல்லுபடியான வாக்குகளில் 59 விழுக்காடு ஆதரவு தந்ததும் அவர்கள்தான். வெட்டவெளியும் வேண்டும், குறைந்த வாடகையும் வேண்டும் என்ற முரண் அந்த நகரத்துக்கு இருக்கிறது. அதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நம் கேள்வி வேறு. யார் யாரை அழைத்தார்கள்? 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு இந்தியாவுக்கென்று தனியே ஒரு திறன் பணியாளர் திட்டத்தை வகுத்து, இந்தியர்களுக்கான பணி விசாக்களை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 வரை உயர்த்தத் தயார் என்று அறிவித்தது. தேவை அவர்களுடையது, வயது ஏறிவரும் அவர்களது சமூகத்தின் மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் ஆள் கேட்கின்றன. அழைப்பிதழ் அனுப்பியவருக்குத் தங்க இடம் காட்டும் கடமை கிடையாதா?

இந்தக் கடமை ஜெர்மனிக்குப் புதிதும் அல்ல. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஆள் எடுக்கும் உடன்படிக்கைகளைச் செய்தபோது, வரும் தொழிலாளிக்குத் தங்குமிடம் தருவது வேலை தருபவரின் பொறுப்பாக இருந்தது. தந்த தங்குமிடம் பெரும்பாலும் மோசம். நெருக்கியடித்த விடுதிகள், அடுக்குக் கட்டில்கள், குடும்பத்துக்கு இடமே இல்லை. அந்தக் காலத்தைப் போற்றுவது என் நோக்கம் அல்ல. ஆயினும் ஆளை அழைப்பவன் கூரையையும் யோசிக்க வேண்டும் என்ற கொள்கை அன்று எழுத்தில் இருந்தது. இன்று என்ன இருக்கிறது? திறன் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும்போது போதுமான அளவு வீடு இருப்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2024 மார்ச்சில் விலக்கப்பட்டது. நல்ல மாற்றம், அந்தச் சான்றுக்காகவே மாதக்கணக்கில் பிரிந்து இருந்தவர்கள் உண்டு. ஆனால் சான்று கேட்பதை நிறுத்தியவர்கள் வீட்டைத் தரவில்லை. விசா அலுவலகத்தில் நின்றிருந்த தடை நகர்ந்து வாடகைச் சந்தையில் போய் நிற்கிறது. இப்போது மனைவியும் குழந்தையும் சட்டப்படி வரலாம். வந்தால் எங்கே உறங்குவார்கள் என்பது அவர்களது சாமர்த்தியமாம்.

நகரத்துக்கு வெளியே போகலாமே, பிராண்டன்பர்க் சிற்றூர்களிலோ லைப்சிக்கிலோ வாடகை குறைவாயிற்றே என்று சொல்பவர்களுக்கு ஒரு வரி போதும்: வேலை ஒப்பந்தம் பெர்லினைச் சொல்கிறது, நகரின் எல்லையைத் தாண்டிப் போகப் போக இரயில் அரிதாகிறது, குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்து வர மாலையில் யாராவது ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

ஆகவே கோப்பைத் தயாரிக்க வேண்டாமா என்று கேட்டால், தயாரியுங்கள். வரிசை இருக்கும்வரை வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு மாதம் நின்றும் வீடு அமையாதவரைப் பார்த்து, எங்கே தவறு செய்தீர்கள் என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்வியை அவருக்கு வேலை தந்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஆள் தேடும் முகவருக்குப் பெருந்தொகை கொடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனங்கள், வரும் குடும்பத்துக்கு முதல் ஆறு மாதம், முகவரிப் பதிவு செய்யத் தக்க வீட்டை ஒப்பந்தம் செய்து வைத்திருக்க முடியும். வாடகைக்குப் பிணை நிற்க முடியும். கேட்பவர் இல்லாததால் செய்யாமல் இருக்கின்றன. குடியேறிய பிறகு நகர அரசின் வாடகை ஒப்பீட்டுப் பட்டியலில் உங்கள் வீட்டின் வாடகையைப் பொருத்திப் பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து எழுத்தில் முறையிடுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் முறையிட்டிருந்தால் உங்கள் வாடகை இவ்வளவு ஏறியிருக்காது. இன்னும் புறப்படாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சம்பளத்தைப் பேரம் பேசும் அதே அமர்வில் குடும்பத்துக்கான வீட்டையும் பேசுங்கள், கிடைக்கும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.